கையை மட்டும் பார்

உட்கார்ந்த இடத்தில் வேலை, படம் பார்க்கச் சம்பளம் என்று மாடி வீட்டுக்காரி என்னைக் கிண்டல் செய்வாள். கொடுத்துவைத்தவளாம் நான். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கண் எரிச்சலில் குழம்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டு முழிப்பாள், நான் முழித்த மாதிரி.

வேலை இதுதான். ஏதோ ஒரு கிடங்கில் கேமரா எடுத்த துண்டுப் படங்கள் என் கணினிக்கு வரும். ஒவ்வொன்றும் ஒன்பது நொடி. அதில் தெரியும் ஆள் வேலை செய்கிறாரா, சும்மா நிற்கிறாரா என்று பார்த்து இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். முகத்தையெல்லாம் மங்கலாக்கி வைத்திருப்பார்கள். 'கையை மட்டும் பார். அசைந்தால் வேலை, அசையாவிட்டால் சும்மா' என்பது முதல் நாள் பாடம். எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, இயந்திரத்தைப் பழக்குகிறோம் என்றார்கள். எந்த ஊர்க் கிடங்கு என்று சொல்லவில்லை. ஏழு கடல் தாண்டி எங்கோ இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இதில் ஒரு பொறியும் உண்டு. பார்த்த படத்தையே சில வாரம் கழித்து நடுவில் செருகி அனுப்புவார்கள். அன்று சொன்ன பதிலையே இன்றும் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் கவனமில்லாதவள் என்று மதிப்பெண் குறையும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினால் மறுநாள் வேலை கிடையாது. முறையிடலாம் என்றால் அந்தப் பக்கம் ஆளே இல்லை. நான் சரியாகத் தொண்ணூற்றைந்தில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அக்காவும் நானும்தான். அக்காவுக்கு ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. உலகத்தில் கிடங்குக்கா பஞ்சம்? அவள் கிடங்கையும் என் படத்தையும் நான் முடிச்சுப் போட்டதே இல்லை. போன மாதம் படியில் வழுக்கி முட்டியில் அடிபட்டாள். லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்தாள். ஓரத்தில் நீலப் பூப் போட்ட என் பழைய மஞ்சள் துப்பட்டாவைக் கிழித்து, பேண்ட்டுக்கு மேலேயே இறுக்கிக் கட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள், 'வேலை நேரத்தில் சும்மா நின்றீர்கள்' என்று இரண்டாவது எச்சரிக்கை வந்தது. மூன்றாவது வந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"ரெண்டே நிமிஷம்டி. முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது, சாஞ்சு நின்னேன். எந்தப் பாவி பாத்துட்டுச் சொன்னானோ, அவன் கை விளங்காமப் போக!" என்று அழுதாள்.

"நாசமாப் போவான். நீ அழாதக்கா" என்று நானும் சேர்ந்து திட்டினேன். மனதாரத்தான் திட்டினேன்.

இன்று மதியம், இரண்டு மணி ஷிஃப்டுக்காக அக்கா குளிக்கப் போயிருந்தாள். நெட் சிக்கி ஒரு படம் பாதியில் உறைந்தது. கையைப் பார்த்தாகிவிட்டது, அசையவில்லை. படம் நகராததால் கண் தானாகக் கீழே இறங்கியது. முட்டியில் மஞ்சள் துணி. ஓரத்தில் நீலப் பூ. நான் போட்ட அதே இரட்டை முடிச்சு.

இயந்திரத்தைப் பழக்குவதாகத்தானே சொன்னார்கள்? அக்காவுக்கு மூன்றாவது எச்சரிக்கையே இதிலிருந்துதான் வரப்போகிறது என்று நினைத்தேன். நல்லவேளை, வேறு எவளிடமும் போகாமல் என்னிடம் வந்தது. 'வேலை' என்பதை அழுத்தினேன்.

சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. 'இந்தப் படத்துக்கு முன்பு நீங்கள் சொன்ன பதில்: சும்மா. எது இறுதி? இருபது நொடிக்குள் சொல்லவும்.' பக்கத்தில் முன்பு சொன்ன தேதி. அக்காவுக்கு எச்சரிக்கை வந்ததற்கு முந்தைய நாள்.

அன்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்றுகூட நினைவில்லை. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே அழுத்தியிருப்பேன். அந்தப் பாவியை நாங்கள் இரண்டு பேரும் வாய் வலிக்கச் சபித்தோமே, அவள் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பத்து நொடி. 'வேலை' என்றே நின்றால், கொடுத்த எச்சரிக்கையைத் திருப்பி எடுக்கப் போகிறார்களா? என் வேலைதான் போகும். நாளைக்கே அவளுடையதும் போனால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது. நெஞ்சு கிடந்து பதறியது. ஆனால் பாழாய்ப்போன விரலுக்குப் பிழைக்கத் தெரிந்திருந்தது. 'சும்மா' என்பதை அழுத்திவிட்டேன். 'நன்றி' என்று பச்சை எழுத்து வந்தது. அடுத்த படமும் வந்தது.

"ஏய், துணியைக் கட்டி விடுடி. நேரமாச்சு" என்று அக்கா வந்து நாற்காலியில் காலை நீட்டினாள்.

பேண்ட்டைச் சுருட்டி, இந்த முறை உள்ளே, தோலோடு சேர்த்துக் கட்டினேன். பேண்ட்டை இறக்கிவிட்டதும் மஞ்சள் மறைந்தது. அடுத்த தடவை படம் வந்தால் அது யாருடைய கால் என்று எனக்குத் தெரியக் கூடாது.

"என்னடி புதுசா, உள்ள கட்டுற?"

"வெளிய இருந்தா யாராவது பாப்பாங்கக்கா."

அவள் எழுந்து இரண்டடி நடந்து பார்த்தாள்.

"வலி பாதி கொறஞ்சிருச்சு. உன் கை நல்லா இருக்கணும்டி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.