படுக்கையறைக்கு வராத காற்று

வடகோடியில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து அக்கா ரீபிகாவின் குழந்தையைத் தெற்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவளும் கூடவே போயிருந்தாள். இது மூன்றாவது தடவை. விமானம் ஏறும்போது நெஞ்சில் கர்கர் என்று சத்தம் இருக்கும். அங்கே போனால் இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆனதும் மறுபடி கர்கர். இந்தத் தடவை டாக்டர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: வீட்டுக் காற்று சரியாக இருக்கிறது என்று வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து எழுதி வந்தால்தான் குழந்தையை அனுப்புவார்.

அப்பா இறந்து மூன்று மாதத்தில் பிறந்த குழந்தை. அதனால் அப்பாவின் பெயர், கௌனாக், அவனுக்கு வந்தது. எங்கள் வழக்கப்படி பெயரோடு உறவும் வந்துவிட்டது. நானும் ரீபிகாவும் அவனை அப்பா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா அவனை என் வீட்டுக்காரர் என்பாள். மூக்கைத் துடைத்துவிடும்போதுகூட மரியாதை குறையாது.

வீட்டுவசதி அலுவலகத்தில் பழுது பார்க்கிறவன் தைவிட்டி, எங்கள் அத்தை மகன். பிப்ரவரி பத்தாம் தேதி வந்தான். கையில் ஈரம் அளக்கும் சின்ன மானி. அதைக் குழந்தை படுக்கிற அறையில், பெரிய கட்டிலுக்கு மேலே மாட்டினான். கொஞ்ச நேரத்தில் அது நூற்றுக்கு அறுபத்தெட்டு காட்டியது.

"அத்தை, இது வீடா, சூப் பானையா?" என்றான்.

"பானைன்னா மூடி இருக்கும். நீ வந்த கதவை இன்னும் சாத்தல பாரு" என்றாள் அம்மா.

அவன் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். ஜன்னலின் உள்பக்கத்தில் வழிந்த நீர் அடியில் விரல் கனத்துக்குப் பனிக்கட்டியாகி இருந்தது. கட்டிலை இழுத்துப் பார்த்தான். சுவரில் கறுப்புப் புள்ளிகள்.

"காத்துப்பெட்டியை எப்போ நிறுத்துனீங்க?"

அம்மா ஜன்னலைத் துடைக்கப் போனாள். என்னைப் பார்த்தான். நான் தோளைக் குலுக்கினேன்.

காற்றுப்பெட்டி பின்னறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வீட்டின் அழுக்குக் காற்றை வெளியே தள்ளும். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இரண்டும் பெட்டிக்குள் ஒன்றையொன்று உரசாமல் கடக்கும்போது, போகிற காற்று தன் சூட்டை வருகிற காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இது உண்டு. பாதி வீட்டில் ஓடாது.

"இருபதாம் தேதி நான் எழுதி அனுப்பணும். நாப்பதுக்குக் கீழ வந்தா உங்க அப்பாவும் ரீபிகாவும் வெள்ளிக்கிழமை விமானத்துல வந்துடுவாங்க. வரலைன்னா கோடை வரைக்கும் அங்கதான்" என்றான் தைவிட்டி. "பெட்டிக்காரன் தெற்கேயிருந்து அடுத்த மாசம்தான் வருவான். எனக்குப் பதினாலு வீட்டுல தண்ணிக் குழாய் உறைஞ்சு கிடக்கு. லீட்டியா, நீ சும்மாதானே இருக்க? திறந்து பாரு. மூணு கொக்கிதான். ஏதாச்சும்னா எனக்கு போன் பண்ணு."

சும்மாதான் இருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. அங்கே எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வார்கள். பெட்டி அப்படிக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சரி என்று புருவத்தைத் தூக்கினேன்.

முதலில் வெளியே போனேன். மதியம் சூரியன் மலைக்கு மேல் ஒரு கையகலம் வந்திருந்தது. சுவரில் இரண்டு கூண்டு வாய்கள். ஒன்று காற்றை இழுக்கிற வாய், மற்றது விடுகிற வாய். இழுக்கிற வாயின் கம்பிவலை முழுக்க உறைபனி படர்ந்து, வெள்ளை நரித்தோல் போல மூடியிருந்தது. பனிக்கத்தியால் சுரண்டினேன். அதற்குள் கண்ணிமை குளிரில் ஒட்டிக்கொண்டது. உள்ளே வந்து விசையைப் போட்டேன். பெட்டி உறுமியது. குழந்தை படுக்கிற அறையைத் தவிர மற்ற அறைகளில் கூரையோரத் துளையிலிருந்து கத்தி மாதிரி குளிர் இறங்கியது.

"நிறுத்து" என்றாள் அம்மா, தைத்துக்கொண்டிருந்த காரிபூ மான் தோலிலிருந்து தலை நிமிராமல். "இதுக்குத்தான் நிறுத்துனது."

நிறுத்திவிட்டு மூன்று கொக்கிகளையும் கழற்றினேன். பெட்டிக்குள் சூடு கைமாறுகிற தட்டடுக்கு ஒரே பனிக்கட்டியாக இருந்தது. இரண்டு கையாலும் அசைத்து உருவி, குளியல் தொட்டியில் போட்டேன். அடியில் தண்ணீர் வடிகிற குழாயும் உறைந்திருந்தது. வீட்டிலிருந்து காற்று உள்ளே நுழைகிற பக்கத்தில் வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதுவோ இருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, மெத்தென்று, விரலால் பிய்த்தால் பிய்யாமல். தைவிட்டிக்கு போன் செய்தேன்.

"வடிகட்டி கறுப்பா இருக்கா?"

எங்கள் ஊரில் புருவத்தைத் தூக்கினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. நான் மூக்கைச் சுருக்கினேன்.

"லீட்டியா? இருக்கியா? மூக்கைச் சுருக்கினியா, புருவத்தைத் தூக்கினியா? போன்ல எனக்கு உன் மூஞ்சி தெரியாது. வாயைத் திற."

"இல்ல" என்றேன். "கறுப்பு இல்ல. காரிபூ நிறம்."

 தைவிட்டி சிரித்தான்.

"அத்தை எந்த அறையில தைக்கிறாங்க?"

"முன்னறையில. அதுலயே ஒட்டியிருக்குற சமையல்கட்டோட துளைக்கு நேர் கீழ."

"போச்சு. அந்தத் துளைதானே உள்காத்தை இழுக்குது. ரோமம் பூரா மேல போய் வடிகட்டில உக்காந்திருக்கு. கம்பளமே நெய்ஞ்சிருக்கும்."

"நெய்ஞ்சிருக்கு."

"சரி, கேளு. வெளியேர்ந்து குளிர்காத்து வந்துக்கிட்டே இருக்கு. உள்ளேர்ந்து சூட்டுக்காத்து போக வழியில்ல. அப்ப எது ஜெயிக்கும்? தட்டு உறையும். உறைஞ்சா வர்ற காத்து சூடே ஆகாம ஜில்லுனு அடிக்கும். வீட்டுல உள்ளவங்க என்ன பண்ணுவாங்க? ஒண்ணு நிறுத்துவாங்க, இல்ல துளையை அடைப்பாங்க. தெற்கேயிருந்து வர்ற பெட்டிக்காரனுக்கு இது புரியவே புரியாது. உங்க வீட்டுல நாய் வளக்குறீங்களான்னு கேப்பான்."

வடிகட்டியை வெந்நீரில் நாலு தடவை அலசினேன். ரோமம் தொட்டி முழுக்க மிதந்தது. எங்கள் தோல்கள்தான், போன இலையுதிர்காலத்தில் அம்மா தைத்த மேலங்கி, அதற்கு முந்தின வருஷம் அப்பாவுக்குத் தைத்தது, எல்லாவற்றின் ரோமமும் அடுக்கடுக்காக இருந்தது. சமையல்கட்டுத் துளையையும் குளியலறைத் துளையையும் கழற்றிக் கழுவினேன். வடிகுழாயில் கெட்டிலிலிருந்து சுடுநீர் விட்டேன். மறுநாள் காலை எல்லாவற்றையும் திரும்ப மாட்டி விசையைப் போட்டபோது, துளையிலிருந்து இறங்கிய காற்று கன்னத்தில் பட்டும் படாமலும் இருந்தது. குளிரவில்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொல்வது என்று மதியம்வரை யோசித்தேன். கடைசியில் ரோமக் கம்பளத்தை அவள் முன்னால் வைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல தோலு" என்றாள். பிறகு வாணலியில் சுட்ட பானக் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, "நான்தானா?" என்று கேட்டாள்.

நான் புருவத்தைத் தூக்கவில்லை. மூக்கையும் சுருக்கவில்லை.

அன்று மாலையே தோல்களையும் ஊசிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளித்தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். அங்கே குளிர்தான். குளிரில் ரோமம் உதிர்வது குறைவு என்றாள், அவளே கண்டுபிடித்ததுபோல.

மானி அறுபத்தொன்றுக்கு வந்தது. ஐம்பத்தைந்து. ஐம்பது. நாலாம் நாள் நாற்பத்தொன்பதில் நின்றுவிட்டது. ஐந்தாம் நாளும் நாற்பத்தொன்பது. முன்னறை ஜன்னல் காய்ந்து, என் அறை ஜன்னலில் தெரு தெரிந்தது. பெரிய கட்டில் இருக்கிற அறையில் மட்டும் ஜன்னல் அழுதுகொண்டே இருந்தது. இருபதாம் தேதிக்கு இன்னும் நாலு நாள்.

கழிவறைக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, காற்று இறங்குகிற ஒவ்வொரு துளைக்கும் கீழே பிடித்தேன். முன்னறையில் காகிதம் படபடத்தது. என் அறையிலும் படபடத்தது. பெரிய கட்டிலில் ஏறி நின்று பிடித்தபோது செத்த மீன்வால் போலத் தொங்கியது.

துளையின் மூடியைத் திருகிக் கழற்றினேன். குழாய்க்குள் விரலை விட்டேன். கம்பளி. நுனியைப் பிடித்து இழுத்தால் சிவப்புப் பின்னல் தைத்த விளிம்பு தெரிந்தது. பூட்ஸுக்குள் போடுகிற கம்பளிக் காலுறை. பெரிய கால்.

"அதைத் தொடாத."

அம்மா கதவருகில் நின்றிருந்தாள். தாழ்வாரத்துக் குளிர் இன்னும் அவள் உடுப்பில் இருந்தது.

"அவர் வச்சது" என்றாள். "போன குளிர்காலம். ராத்திரி பூரா மூஞ்சில காத்து அடிக்குதுன்னு. நான் நாளைக்கு தைவிட்டியைக் கூப்பிடலாம்னேன். அவன் வர்றதுக்குள்ள எனக்கு மீசையில பனி கட்டிடும்னார். ஒத்தைக் கால் காலுறையைக் கழட்டினார். கட்டில்மேல ஏறித் திணிச்சார். இன்னொரு காலோட அப்படியே படுத்துத் தூங்கிட்டார்."

நான் கட்டில்மேலேயே நின்றேன். இறங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அவர் உடுப்பெல்லாம் குடுத்தாச்சு. வண்டியை அவர் தம்பி எடுத்துக்கிட்டார். அவர் கையால வச்சு, வச்ச எடத்துலயே இருக்குறது இது ஒண்ணுதான். இருக்கட்டும். வேற வழி பாரு."

வேறு வழி இல்லை என்று சொல்ல வேண்டும். தைவிட்டி சொன்னதை வைத்து நடந்தது முழுவதும் எனக்குத் தெரியும்: ரோமம் அடைத்தது, தட்டு உறைந்தது, காற்று ஜில்லென்று அடித்தது, அப்பா காலுறையைத் திணித்தார். அம்மா தைத்த மேலங்கியின் ரோமத்தால் குளிர்ந்த காற்றைத்தான், அம்மா தைத்த காலுறையால் அப்பா அடைத்தார். இதை எப்படி வாயால் சொல்வது? மூடியை மாட்டாமல் இறங்கினேன். அதை மட்டும்தான் என்னால் செய்ய முடிந்தது.

இரண்டு நாள் அப்படியே போனது. மானி நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. அம்மா அந்த அறையில்தான் படுத்தாள். காலையில் எழுந்து மானியை ஒரு பார்வை பார்ப்பாள், பிறகு மேலே திறந்துகிடந்த துளையை ஒரு பார்வை பார்ப்பாள், தேநீர் போடப் போவாள்.

பதினெட்டாம் தேதி மதியம் ரீபிகா போன் செய்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"என் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"தின்னுட்டுத் தின்னுட்டுக் குண்டாயிட்டார். இங்க நர்ஸுங்க எல்லாரையும் பாத்து இளிக்கிறார். வயசு காலத்துல."

"அந்தப் புத்தி அப்பவே உண்டு" என்றாள் அம்மா. "மூச்சைக் கேக்கணும். போனை நெஞ்சுல வை."

சரசரவென்று துணி உரசியது. பிறகு மூச்சு கேட்டது. உள்ளே, வெளியே, உள்ளே. கர்கர் இல்லை. அம்மா போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டாள், ஒலிபெருக்கி போட்டிருப்பதை மறந்து. ரொம்ப நேரம் கேட்டாள். நான் கதவருகில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாருங்க" என்றாள் அம்மா, போனிடம். ரீபிகாவிடம் பேசும் குரல் இல்லை. "குளிர் அடிக்குதுன்னுதானே நீங்க அதை வச்சீங்க? இப்ப குளிர் அடிக்கல. லீட்டியா சரி பண்ணிட்டா. நான் தாழ்வாரத்துல உக்காந்து தைக்கிறேன், வெரல் வெறைச்சுப் போவுது, பரவாயில்ல. அந்தக் காலுறை இருந்தா நீங்க இங்க வர முடியாது. எடுத்துடட்டுமா?"

போனில் மூச்சு மட்டும் கேட்டது. ரீபிகாவுக்குக் காலுறையைப் பற்றி எதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாள்.

"ரீபிகா?"

"இருக்கேம்மா."

"என்ன சொல்றார்?"

மறுபடி சரசரப்பு.

"புருவத்தைத் தூக்குறார்" என்றாள் ரீபிகா.

அம்மா போனை மடியில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையால் மேலே காட்டினாள். நான் கட்டிலில் ஏறினேன். காலுறை சுலபமாக வரவில்லை. அப்பா திணித்த திணிப்பு அப்படி. முழங்கை வரை கையை விட்டு, திருகித் திருகி இழுத்தேன். வெளியே வந்ததும் தூசியும் நாலைந்து காரிபூ ரோமமும் கட்டிலில் விழுந்தன. பின்னாலேயே காற்று வந்தது. அம்மாவின் நெற்றி முடி அசைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"குளிருதா?" என்று கேட்டேன்.

அவள் மூக்கைச் சுருக்கினாள்.

இருபதாம் தேதி காலை மானி முப்பத்தெட்டு காட்டியது. தைவிட்டி பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே வந்து, பார்த்துவிட்டு, தாளில் எழுதினான். "பெட்டிக்காரன் வேலைக்கு நீ போயேன், வாயாடி" என்றான்.  நான் அந்தத் தாளை அவன் கையிலிருந்து வாங்கி, எண்ணைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறானா என்று பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விமானம் வந்தது. குழந்தையை நேராகப் பெரிய கட்டிலில் கிடத்தினார்கள். அம்மா காலுறையைத் துவைத்துக் காயவைத்திருந்தாள். அதை அவனுக்கு மாட்டிப் பார்த்தாள். இரண்டு காலும் ஒரே காலுறைக்குள் போய், விளிம்பு அக்குள்வரை வந்தது. "கொஞ்சம் இளைச்சுட்டார்" என்றாள். ரீபிகா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சரிந்தாள்.

அம்மா தேநீர் போடப் போனதும் ரீபிகாவிடம் கேட்டேன்.

"அன்னைக்கு நிஜமாவே புருவத்தைத் தூக்கினாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீயே அவரைக் கேளு."

குழந்தையின் பக்கம் குனிந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. துளையின் மூடியில் நான் ஒட்டிவைத்திருந்த காகிதத் துண்டு மேலே படபடத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு.