பிரையர் செத்த பாடில்லை

தெல்மா ருட்னிக்குக்கு வலது கால் மரத்துப் போய்விட்டது. மடியில் கிடந்த எல்ஸ்வொர்த் பிரையரின் தலை அத்தனை கனம். கதைப்படி அவன் சிகாகோவில் கள்ளச்சாராயக் கும்பலின் தலைவன். படம் முழுக்க அவனிடம் அறை வாங்கும் காதலி இவள். போலீஸ் சுட்டதும் அவன் இவள் மடியில் விழுந்து, இரண்டு வரி பேசிவிட்டுச் சாக வேண்டும். காலையிலிருந்து செத்த பாடில்லை.

பேசும் படம் வந்ததும், குரலுக்காகவே நியூயார்க் நாடக மேடையிலிருந்து கூட்டிவந்த ஆள் அவன். ஊமைப் படங்களில் கண்ணாலேயே பேசிப் பேர் வாங்கிய தெல்மாவுக்கு இந்தக் காட்சியில் வசனமே இல்லை. அழ வேண்டும், அதுவும் சத்தமில்லாமல்.

மைக்கைப் பக்கத்துச் சாராயப் பீப்பாய்க்குள் ஒளித்திருந்தார்கள். சத்தம் பதிவாகும் என்று மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. விளக்குச் சூட்டில் பிரையரின் முகப்பூச்சு உருகி அவள் பாவாடையில் வழிந்தது.

"எங்கம்மாவை நல்லாப் பாத்துக்கோ..." என்று ஆரம்பித்தான் பிரையர். கதையில் அம்மாவே கிடையாது. அங்கிருந்து சின்ன வயதுப் பட்டினி, செத்துப்போன தம்பி என்று போய்க்கொண்டே இருந்தான்.

"கட்!" டைரக்டர் ஹாஸ்கெல் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "யோவ், நெஞ்சுல குண்டு வாங்கினவன் இவ்வளவு நேரமா பேசுவான்?"

"மேடையில இந்த இடத்துல ஜனங்க எந்திரிச்சு நின்னு கை தட்டுவாங்க சார்."

"இங்க ஃபிலிம் தீந்துபோகுதுய்யா!"

ஒலிப்பதிவாளர் ஓரின் தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினான். "அந்தம்மா மூக்கை உறிஞ்சுறது கேக்குது. உறிஞ்சாம அழச் சொல்லுங்க."

"மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் உன்னைக் கேக்கணுமா?" என்றாள் தெல்மா.

அடுத்த தடவை கூரைக்கு மேலே விமானம் போனது. அதற்கடுத்த தடவை துப்பாக்கிச் சத்தம் தாங்காமல் ஓரினின் கருவி பழுதானது. அதைச் சரிசெய்து மறுபடி எடுத்தபோது எல்லாம் ஒழுங்காக அமைந்தது. பிரையர் அம்மாவை முடித்தான், தம்பியை முடித்தான், கண்ணை மூடினான். தெல்மா பெருமூச்சு விட்டாள். அவன் மறுபடி கண்ணைத் திறந்தான்.

"இன்னும் ஒண்ணு சொல்லணும்..."

"செத்துத் தொலையேன்டா!"

அவள்தான் கத்தினாள். பிரையர் திகைத்து வாயைப் பிளந்தான். தலை தானாகச் சாய்ந்தது.

"கட்," என்றார் ஹாஸ்கெல், மெல்ல.

"சார், இதுதான் சுத்தமா பதிவாகியிருக்கு," என்றான் ஓரின். "எல்லாம் ஒரே இசைத்தட்டுல பதிவாகுது, அந்த வார்த்தையை மட்டும் தனியா வெட்ட முடியாது."

பிரையர் துள்ளி எழுந்தான். "மறுபடி எடுங்க!"

"நீ செத்துட்டே. போய் முகத்தைக் கழுவு," என்றார் ஹாஸ்கெல்.

படம் வெளியான அன்று அந்த இடத்தில் அரங்கமே அதிர்ந்தது. பெண்கள்தான் முதலில் கை தட்டினார்கள். வெளியே பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டதும் பிரையர் தெல்மாவின் தோளில் கை போட்டான்.

"அந்த வரி என் யோசனைதான். கூச்சப்படாம திட்டும்மான்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

தெல்மா அந்தக் கையை எடுத்து அப்புறப்படுத்தினாள்.

"இன்னும் பேசுவாரு, நின்னு கேளுங்க," என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, கார் நிற்கும் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.