நாற்பத்தொரு சிவப்பு ஸ்டிக்கர்

கீலர் சாலையில் விரைவுப் பேருந்து வரப்போகிறது என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவள் வெர்லீன் டாலிவர்தான். பேருந்துக்காக அல்ல. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சிக்னல் விளக்கு. ஆறு வழிச் சாலை அது. அடுத்த விளக்கு அரை மைல் தள்ளி. எதிர்ப்பக்கத்துக் கடையிலிருந்து திரும்பிய அவள் மகள் ஷனீஸை ஒரு கார் அடித்துப் போட்டு ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவள் நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். ஒருத்தி செத்ததற்காக விளக்கு வைக்க முடியாது, அங்கே பேருந்து நிலையம் வந்தால் கூடவே விளக்கும் வரும் என்றார்கள். வார்த்தை இதைவிட இனிப்பாக இருந்தது, விஷயம் இதுதான்.

நிலையம் எங்கெங்கே வேண்டும் என்று மக்களைக் கேட்க, வசந்தத்தில் நூலகத்தில் கூட்டம் போட்டார்கள். அன்று புதன்கிழமை, சபையில் பைபிள் வகுப்பு. அது முடிந்து வெர்லீனும் சபைப் பெண்களும் போய்ச் சேர்ந்தபோது பேச்செல்லாம் முடிந்து, பிஸ்கட் தட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் சாலையின் நீளமான வரைபடம். பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக வட்ட ஸ்டிக்கர்கள். எதற்கு எந்த நிறம் என்று எழுதிய பலகை வாசலருகே இருந்தது. வந்த அவசரத்தில் ஒருத்தியும் அதைப் பார்க்கவில்லை.

ஷனீஸ் விழுந்த இடத்தை வெர்லீன் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். கை தானாகச் சிவப்புக்குப் போனது. ஒட்டிவிட்டு, "இங்கேதான்" என்றாள்.

அந்தச் சபையில் ஒருத்தி கடவுள் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல எழுந்தால் மற்றவர்களும் எழுந்து நிற்பார்கள். அவளைத் தனியாக விடமாட்டார்கள். இங்கேயும் விடவில்லை. அவள் தோழி ஆர்னெட்டா ஒன்று ஒட்டினாள். பின்னாலேயே மற்றவர்கள். எல்லாமாக நாற்பத்தொன்று. சாலையே மறைந்துவிட்டது.

"இதப் பாத்தும் விளக்கு வைக்கலேன்னா அவங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னுதான் அர்த்தம்" என்றாள் ஆர்னெட்டா. அன்றைக்கு வெர்லீன் நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டாவது கூட்டம் இலையுதிர் காலத்தில், சபைக்கு எதிரே சாலையைத் தாண்டி இருக்கிற பள்ளிக்கூடத்தில். போன தடவை தாமதமானதால் வெர்லீன் மற்றவர்களுக்கு முன்பே போய்விட்டாள். சுவரில் புது வரைபடம். அவள் இடத்தில் நிலையம் இல்லை. கீழே பெரிய எழுத்தில், 'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் கேட்டோம்' என்று போட்டிருந்தது.

மிஸ் ஹால்வர்சன் என்ற இளம் அதிகாரி சிரித்தபடி வந்தாள். நல்ல பெண்; அதுதான் கொடுமை. செலவைக் குறைக்க ஒரு நிலையத்தைக் கைவிட வேண்டியிருந்ததாம். எதை விடுவது என்று திண்டாடியபோது மக்களே வழி காட்டினார்களாம்.

"அங்க மட்டும் நாற்பத்தொரு சிவப்பு, மேடம். சிவப்புன்னா வேண்டாம்னு அர்த்தம். வேற எங்கயும் இவ்வளவு எதிர்ப்பு இல்ல."

வெர்லீன் வரைபடத்தில் அந்த இடத்தில் விரலை வைத்தாள். "அது எம்மக விழுந்த இடம்மா. அதைத்தான் காட்டினோம்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. எல்லாம் மேலே போய்க் கையெழுத்தாகிவிட்டது, இனி தன் கையில் ஒன்றுமில்லை என்றாள். இன்று சொன்னதைக் குறித்துக்கொள்கிறேன் என்றாள். குறித்தும் கொண்டாள்.

யார் யாரையோ திட்டித் தீர்த்த ஆறு வருஷமும், கடைசியில் காரியத்தைக் கெடுத்தது தன் கையே என்று முடிந்ததை வெர்லீனால் தாங்க முடியவில்லை.

அப்போது சபைப் பெண்கள் கலகலவென்று உள்ளே வந்தார்கள். ஆர்னெட்டா நேராக மேஜைக்குப் போய் ஸ்டிக்கர் தாள்களை எடுத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இன்னைக்கு எந்தக் கலரு?"

வெர்லீன் அவர்களைப் பார்த்தாள். சொன்னால் இந்த நாற்பது பேரும் சாகும்வரை இதைச் சுமப்பார்கள்.

"பச்சை" என்றாள்.

வரிசையில் நின்று, வரைபடத்தைப் படிக்காமலே, அவள் விரல் காட்டிய நிலையமே இல்லாத இடத்தில் ஒவ்வொருத்தியும் பச்சை ஒட்டினாள். மிஸ் ஹால்வர்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து சபைக்குத் திரும்பக் கீலரைக் கடந்தாக வேண்டும். பெண்கள் ஓரத்தில் கூட்டமாக நின்று கைகாட்டினார்கள். ஒரு காரும் நிற்கவில்லை. ஆர்னெட்டா வெர்லீனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் விளக்கு போட்டதும் ராணி மாதிரி நடந்து போவோம், பாரு."

"ஆமா, சிஸ்டர்" என்றாள் வெர்லீன், வருகிற கார்களைப் பார்த்தபடி.