நூறு கோடி வகுத்தலும் ஒரு நாற்காலியும்

திருகாணியும் போல்ட்டும் வைத்திருக்கும் சாமான் அறைக்கு முப்பது வருஷமாகப் பொறுப்பாக இருந்தவரைத் தொழிற்சாலையில் எல்லாரும் 'பூட்டு' என்றே கூப்பிட்டார்கள். கதவைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். நாலடி போனபின் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார்.

அந்த அறையின் பழைய கம்ப்யூட்டருக்கு இப்போது கெடு வந்துவிட்டது. வாங்கி வைத்திருக்கும் புதுசு சோதனையில் வேகமாக ஓடினால் பழசு காயலான் கடைக்கு, பூட்டு வீட்டுக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டிலோ, "நீங்க நாள் பூரா இங்க இருந்தா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

சோதனை நடத்த வந்தது அவருடைய சொந்த மருமகன். புரோகிராம் எழுதுகிறவர். ஒன்று முதல் நூறு கோடி வரை ஒவ்வொரு எண்ணையும் ஏழால் வகுத்து, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பழசு, இளைப்புக்காரன் மாடி ஏறுவதுபோல் இரைந்து ஐம்பத்தெட்டு நொடியில் முடித்தது. புதுசில் தட்டின கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. பூஜ்யம் நொடி.

"அதெப்படி மாப்ள? சட்டைப் பொத்தான் போடவே உங்களுக்குக் கால் மணி ஆகும்."

"மெஷின் புதுசு, புரோகிராம் மொழியும் புது வெர்ஷன் மாமா. உங்களுதுல இருக்கறது பதினஞ்சு வருஷப் பழசு."

"அப்போ ஒருத்தன் காலைக் கட்டிப்போட்டு ஓடவிட்டிருக்கீங்க. என் பொட்டிலயும் அந்தப் புது வெர்ஷனப் போடுங்க."

மேனேஜர் தலையாட்டினார். மருமகன் போட்டுக் கொடுத்தார். கிழட்டுப் பெட்டி இரையக்கூட இல்லை. பூஜ்யம் நொடி.

"ரெண்டும் ஒண்ணுதானா?" என்றார் மேனேஜர். "அப்போ புதுசு எதுக்கு?"

பூட்டு ஜெயித்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் தவளை தன் வாயால்தானே கெடும்? அவருக்கு உள்ளே அரித்தது.

"விடை எங்க?"

"விடையைக் காட்டச் சொல்லல மாமா. நேரத்தை மட்டும் அளந்தேன்."

"மூட்டை தூக்கச் சொல்லிட்டு, மூட்டை எங்க போச்சுன்னு பாக்க மாட்டீங்களோ?"

மருமகன் திரையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. விடை யாருக்கும் வேண்டாம் என்று தெரிந்தால், புது வெர்ஷன் அந்த வேலையையே தூக்கிப் போட்டுவிடும். பழைய வெர்ஷனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. யாரும் கேட்காத கணக்கை மாங்கு மாங்கென்று போட்டிருக்கிறது.

விடையைக் காட்டு என்று ஒரு வரி சேர்த்தார்கள். புதுசுக்கு இரண்டு நொடி. பழசுக்கு நாற்பத்தொன்று. இரண்டிலும் வந்தது முன்னூறு கோடியே மூன்று. பூட்டு விரலை வைத்துச் சைபர்களை இரண்டு தடவை எண்ணினார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

மேனேஜர் காயலான் கடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

"சும்மா இருந்திருக்கலாம்ல மாமா?" என்று மருமகன் காதருகே முனகினார்.

பூட்டு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். வாசல் பக்கம் அல்ல. அடுத்த அறையில், புதுக் கம்ப்யூட்டருக்கு எதிரே கொண்டுபோய்ப் போட்டார்.

"இங்க என்ன பண்றீங்க?" என்றார் மேனேஜர்.

"கேக்க ஆளில்லன்னா இது வேலை செய்யாதாமே. மாப்ளையே சொல்லிட்டாரு."

மேனேஜர் மருமகனைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல மருமகனுக்கு வாய் வரவில்லை.

நாற்காலி ஆடுகிறதா என்று நாலு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுப் பூட்டு உட்கார்ந்தார்.