இருபத்து நான்காவது கல்

நளினி தன் தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த பெயரை நகத்தாலேயே சுரண்டி எடுத்துவிட்டிருந்தாள். பாத்திரம் கழுவும்போதுதான் அவள் அம்மா கலைமகள் அதைப் பார்த்தாள். ஊதா எழுத்துகள் இருந்த இடத்தில் பிசின் மட்டும் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. சந்தேகம் வந்து பென்சில் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். அதிலும் பெயர் இல்லை. பள்ளிப் பையில் இல்லை. சைக்கிள் ஹெல்மெட்டில் ‘ந’ மட்டும் பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெயர்கள் அத்தனையும் கலைமகள் தன் கையால் செய்து ஒட்டியவை. வீட்டில் ஒரு கட்டிங் மெஷின் வைத்திருந்தாள். ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். போனில் வரைந்ததை அப்படியே காகிதத்தில் வெட்டிக் கொடுக்கும்.

“ஏன் பேர பிச்ச?” என்று கேட்டாள்.

“சும்மா.”

“சும்மா யாராவது ஹெல்மெட்ட சுரண்டுவாங்களா?”

பதின்மூன்று வயதுப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நீங்க வெட்டுன பேரு எனக்கு வேணாம்மா. அத்தை சொன்னாங்க.”

அத்தை என்ன சொன்னாள் என்று கலைமகள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லை. எட்டு மாதமாகச் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் அக்டோபரில், நாத்தனார் பெரியநாயகியின் மகள் தேவிஸ்ரீக்கு இருபத்தொன்றாவது பிறந்தநாள். பிறந்த தேதி முப்பத்தொன்று என்பதால், அன்றைக்கே வரும் வெள்ளைக்காரர்களின் பேய்த் திருநாளான ஹாலோவீன் போல வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்றாள். வௌவால், சிலந்தி வலை, பூசணி முகம் எல்லாம் கலைமகள்தான் வெட்டிக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் சாம்பல் நிற அட்டையில் ஒரு சின்னக் கல்லறைக் கல். மேலே ஆர்.ஐ.பி. என்று கல்லறையில் பொறிக்கும் மூன்று எழுத்து, கீழே அந்தந்த விருந்தாளியின் பெயர். கலைமகளின் கணவன் சுகுமாரன் தன் கல்லைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நாக்கைத் தொங்கவிட்டு ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். பிப்ரவரி மாதம் அவன் செத்துப்போனான்.

பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே நின்று பெரியநாயகி போனில் அந்தப் படத்தை உயர்த்திக் காட்டினாள். “பாருங்க. பொண்டாட்டியே கல்லறை கட்டிக் குடுத்திருக்கா.”

அன்றைக்கு மூடி அலமாரிக்குள் வைத்த மெஷினை, ஹெல்மெட்டைப் பார்த்த மறுநாளே கலைமகள் வெளியே எடுத்தாள். கிளேபாங் சாலையில் நளினி போகும் டியூஷன் சென்டரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஹாலோவீன் அலங்காரம் வேண்டும் என்று டீச்சர் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். நானே செய்கிறேன் என்று இவளாகவே போன் செய்து சொன்னாள். வேண்டுமென்றேதான் செய்தாள். காகிதம் வெறும் காகிதம் என்று மகள் கண்ணால் பார்க்க வேண்டும். கணவன் போன பிறகு மிச்சமிருப்பது இந்த ஒரு பெண். அவளும் தன்னைக் கொலைகாரியாகப் பார்த்துக்கொண்டே வளர்ந்தால், ஒரே வீட்டில் இரண்டு பேரும் எப்படிக் குடித்தனம் செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினாள். இந்த வருடம் தீபாவளியும் அதே முப்பத்தொன்றாம் தேதி வர இருந்தது. துக்க வீடாகையால் இங்கே விளக்கும் இல்லை, பலகாரமும் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் முறுக்குச் சுடும் வாசனை வந்துகொண்டிருந்தது. இவள் கறுப்பு அட்டையைப் மெஷினோடு வரும் பச்சைப் பிசின் பாயில் ஒட்டி மெஷினுக்குள் விட்டாள். கத்தி கிர்ர் கிர்ர் என்று ஓடியது. அட்டையைப் பாயிலிருந்து உரித்தால் சுருண்டுகொள்ளும். பாயைக் கவிழ்த்து, பாயைத்தான் அட்டையிலிருந்து உரிக்க வேண்டும். பல மாதம் தொடாவிட்டாலும் கைக்கு அது மறக்கவில்லை. மத்தியானத்துக்குள் முப்பது வௌவால்கள், பத்துப் பூசணிகள், ஜன்னலில் ஒட்ட ஒரு பேய்வீடு. மேசை நிறைந்து நாற்காலிகளுக்கும் வழிந்தன. நளினி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாள்.

மூன்று மணிக்கு வாசலில் காடி வந்து நின்று எஞ்சின் அணைந்தது. டுரியான் துங்காலிலிருந்து பெரியநாயகியும் அவள் கணவர் சேகரனும் வந்திருந்தார்கள். துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள் என்பதால் உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். சேகரன் கையில் இரண்டு டின். பெரியநாயகி வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“பரவால்லியே கலை. விளக்கு இல்ல, பலகாரம் இல்ல, பேய் மட்டும் குடும்பத்தோட குடி வந்திருச்சி.”

“டியூஷன் பிள்ளைங்களுக்கு, அண்ணி. வாங்க, உட்காருங்க.”

“எங்கடி உட்கார? வௌவால் உட்கார்ந்திருக்கு.”

சேகரன் ஒரு நாற்காலியிலிருந்த வௌவால்களை ஒவ்வொன்றாக எடுத்து, கசங்காமல் தன் மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். “நல்லாத்தான் வெட்டியிருக்கு,” என்றார்.

“நீங்க அத எறிங்க முதல்ல!”

“பிள்ளைங்க சாமான்லா, நாயகி.”

“ஒரு வருஷம் ஆவல. தம்பி மேல படத்துலருந்து பார்த்துக்கிட்டு இருக்கான். அவன் கண்ணுக்கு முன்னாடி உக்காந்து இவ பேய் வெட்டுறா. கை கூசல உனக்கு?”

“பேப்பர்தான் அண்ணி.”

“போன வருஷமும் பேப்பர்தான். நாலு மாசம் தாங்கல என் தம்பி. எஸ்டேட்ல அம்மா ரப்பர் பால் வெட்டப் போனப்ப எனக்கு அஞ்சு வயசுலருந்து அவன இடுப்புல தூக்கித் திரிஞ்சவ நான். நான் சோறு ஊட்டி வளர்த்தேன். நீ பேர் வெட்டி அனுப்பிட்ட.”

அறைக்கதவு திறந்தது. நளினி வந்து சுவரோரம் நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்தாள். எட்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது போதும் என்று கலைமகளுக்குத் தோன்றியது.

“அண்ணி, அவர் பேரு போட்ட அந்தக் கல்ல யாரு வெட்டச் சொன்னது?”

“என்னாது?”

“விருந்துக்கு நான் கொண்டுவந்தது இருபத்து மூணு கல்லுதான். உங்க பேரு, அண்ணன் பேரு, என் பேரு, நளினி பேரு எல்லாம் இருந்திச்சி. அவர் பேரு மட்டும் இல்ல. யாரு கேட்டு அத வெட்டுனேன்?”

“எனக்கென்ன தெரியும்?”

“நீதான் நாயகி,” என்றார் சேகரன், மடியிலிருந்த வௌவால்களைப் பார்த்தபடியே.

“நீங்க வாய மூடுங்க!”

சேகரன் விடவில்லை. “‘பந்தியில உக்கார வச்சி இல போடாம விட்ட மாதிரி எந்தம்பிய விட்டிருக்கா பாரு, புருஷன்னா அவ்வளவு எளக்காரம்’னு சமையக்கட்டுல நின்னு கத்துன. நான்தான் அந்தப் பக்கம் ஐஸ் உடச்சிக்கிட்டு இருந்தேன். அப்பறம்தான் கலை காடியிலருந்து மெஷின எடுத்துட்டு வந்திச்சி.”

பெரியநாயகியின் முகத்தைப் பார்க்கக் கலைமகளுக்குத் திருப்தியாக இருந்தது. மறைத்து என்ன? மிகத் திருப்தியாக இருந்தது. எப்போதும் பவுடர் கலையாத அந்த முகத்தில் வாய் மட்டும் தனியாகத் திறந்து மூடியது.

“இல போட்டாச்சின்னு சந்தோஷப்பட்டீங்கல்ல அன்னைக்கு?” என்றாள் கலைமகள். “நீங்கதான் உங்க கையால அவர் தட்டுக்கு முன்னாடி கொண்டுபோய் வச்சீங்க. பதினாறாம் நாளு அத சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்கு… அது… நான் எந்தம்பிக்கு மரியாத வேணும்னுதானே…” பெரியநாயகி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வௌவால் இருந்த நாற்காலிதான். இப்போது அது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கலைமகள் மகள் பக்கம் திரும்பினாள். நளினியின் முகத்தில் நிம்மதி இல்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைத் தேடுவதுபோல நின்றாள்.

“ஏம்மா அப்பாவுக்கு மட்டும் வெட்டல?”

“என்ன?”

“எல்லாருக்கும் வெட்டுனீங்க. எனக்குக்கூட வெட்டுனீங்க. அப்பாவுக்கு மட்டும் ஏன் வேணாம்னு நெனச்சீங்க? அப்ப உங்களுக்கும் தெரியும்தானே. பேர் வெட்டுனா ஆகும்னு உங்களுக்கும் பயம் இருந்திச்சிதானே?”

அட்டை தீர்ந்துபோச்சி என்று சொல்லியிருக்கலாம். மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அத்தைக்கு அது போதும். இந்தப் பெண்ணுக்குப் போதாது. பாதி நம்புவாள். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க அம்மாவின் கையைப் பார்த்துப் பயப்படுவாள்.

உண்மை என்னவென்று கலைமகளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த விருந்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் முன்னால் சுகுமாரனுக்கு மார்பில் அழுத்துகிறது என்று கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் வயரெல்லாம் ஒட்டி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதிக் கையில் கொடுத்தார். தீபாவளி முடியட்டும் என்றான் சுகுமாரன். தீபாவளி முடிந்ததும் தைப்பூசம் முடியட்டும் என்றான். அக்காவிடம் மூச்சு விடாதே, ஊரைக் கூட்டி அழுவாள், பிள்ளையும் பயந்துவிடும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். இவளும் மூச்சு விடவில்லை. விருந்துக்காகப் பெயர்களைப் போனில் தட்டிக்கொண்டே வந்தவள், அவன் பெயருக்கு மேல் அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் கை ஓடாமல் அழித்துவிட்டாள். அவ்வளவுதான்.

எட்டு மாதம் இந்தக் காகிதப் பழியை அவள் வாய் திறக்காமல் சுமந்ததும் பொறுமையால் அல்ல. அது கீழே விழுந்தால் அதற்கு அடியில் இருப்பது தெரிந்துவிடும்.

“பேப்பருக்குப் பயப்படல,” என்றாள். “அப்பாவுக்கு நெஞ்சுல கோளாறு இருந்திச்சி. டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும். அதான் அவர் பேர மட்டும் அப்படி எழுத மனசு வரல.”

வெளியே எங்கோ ஒரு பையன் பட்டாசு கொளுத்தினான். யாரும் திரும்பவில்லை.

“தெரியுமா?” பெரியநாயகியின் குரல் கீழே இறங்கியிருந்தது. கத்தும்போது இருந்ததைவிட இது மோசமாக இருந்தது. “உனக்குத் தெரியுமா? தெரிஞ்சி வச்சிக்கிட்டா அவன தைப்பூசத்துக்குக் காவடி தூக்க விட்ட? பின்னால நடந்து வந்தியே பால் செம்ப தூக்கிக்கிட்டு. நானும் பக்கத்துல நடந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அவன் கால உடச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன்டி.”

“சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு.”

“அவன் எப்பத்தான் உருப்படியா ஒன்னு சொன்னான்? நீ கேட்டுக்கிட்டு இருந்தியா?”

“கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

சேகரன் வௌவால்களை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். “நாயகி, போதும், வா.”

“நான் எங்கயும் வரல.” பெரியநாயகி உட்கார்ந்துவிட்டாள். காகிதம் நசுங்கும் சத்தம் கேட்டது. “கல்லறைக் கல்ல நான் வைக்கச் சொன்னேன், ஒத்துக்கிறேன். அதுக்கு எந்தம்பி சாவல. இப்ப எனக்கே தெரியுது. அவன் எதுல செத்தான்னு நான் இன்னைக்குத் தெரிஞ்சிக்கிட்டுத்தான் போவேன்.”

நளினி சுவரைவிட்டு வந்து அம்மாவுக்கு எதிரே மேசையோரம் நின்றாள். ஹெல்மெட்டைச் சுரண்டிய பிறகு முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் போய்விட்டிருந்தது. கலைமகள் இத்தனை நாள் வேண்டிக்கொண்டது அதைத்தான். பயம் இருந்த இடத்தில் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

“எந்தக் கிளினிக்?”

“நம்ம கடைவரிசையில உள்ளதுதான்.”

“என்ன தேதி?”

“போன வருஷம் அக்டோபர் பதினெட்டு.”

“அன்னைக்கு என்னய ஸ்கூல்லருந்து கூப்பிட வந்தீங்களே ரெண்டு பேரும். ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தீங்க.”

“ஆமா.”

“லெட்டர் எங்க?”

“காடியில. டேஷ்போர்டுக்குள்ள.”

“இன்னும் அங்கயேதான் இருக்கா? அப்பா செத்தப்பறம் நீங்க எடுத்துப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். திரும்ப அங்கயே வச்சிட்டேன்.”

“அந்தக் காடியிலதான் நான் டெய்லி ஸ்கூலுக்குப் போறேன்,” என்றாள் நளினி. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போனாள். காடிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது மடிந்து மஞ்சளடித்த உறையைப் பிரித்துக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள். கோழி கிண்டிய மாதிரி டாக்டர் கையெழுத்து. இரண்டு வரிக்குமேல் அவளுக்கு வாசிக்க ஓடவில்லை.

வெட்டி வைத்திருந்த பேய்வீட்டின்மேலேயே அதை விரித்து வைத்தாள்.

“படிங்க.”

“நளினி…”

“முழுசா படிங்கம்மா. அத்தைக்கும் கேக்குற மாதிரி படிங்க.”

கலைமகள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேலே தேதி இருந்தது. அங்கிருந்து தொடங்கினாள்.