பென்சிலா, மையா?

மதுரை ஆபீஸிலிருந்து வந்த அந்த உத்தரவில் இரண்டே வாக்கியங்கள். எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் இரும்புச் சட்டத்தை முழுவதும் படமாக வரைந்து தர வேண்டும் என்பது ஒன்று. படத்தைச் சோதித்து ஏற்றுக்கொண்டதும் மெக்கானிக் ஆரோக்கியதாஸ் பதவி உயர்வில் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மற்றொன்று. அது 1961 ஜனவரி. பியூன் சோலைமுத்து உத்தரவைக் கொடுத்துவிட்டு, “மெக்கானிக் சார், எப்ப அல்வா?” என்று கேட்டார். அல்வா வரவில்லை. மெக்கானிக் உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கம்பம் பார்க்கப் போய்விட்டார்.

சட்டம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அப்போது திண்டுக்கல்லில் நூற்றிருபது டெலிபோன்கள்தான். தோல் கிடங்கு, வெங்காய மண்டி, பூட்டுப் பட்டறை, ஆஸ்பத்திரி என்று எல்லாருடைய கம்பியும் கம்பத்திலிருந்து இறங்கி, எங்கள் பின்னறையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்புச் சட்டத்தின் இடது பக்கம் வந்து சேரும். வலது பக்கத்திலிருந்து நான் இணைப்புக் கொடுக்கிற போர்டுக்குக் கம்பிகள் புறப்படும். இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்து வைப்பவை ஜம்பர் கம்பிகள். ஒருவர் கடையை மாற்றினால் அவருடைய ஜம்பரைக் கழற்றி வேறிடத்தில் முடிய வேண்டும். ஒன்பது வருஷமாக இப்படிக் கழற்றிக் கழற்றி முடிந்ததில் நடுவில் ஒரு பெரிய சிக்கல் வளர்ந்து நின்றது. அதில் எது யாருடைய கம்பி என்று தெரிந்த ஒரே ஆள் ஆரோக்கியதாஸ். அதனால்தான் ஒன்பது வருஷமாக அவரை யாரும் மாற்றவில்லை. அவரை மாற்றியிருந்தால் ஊரே ஊமையாகிப் போயிருக்கும். அடுத்த வருஷம் புதுக் கட்டடத்துக்குப் போகப்போகிறோம் என்றதும்தான் மதுரைக்காரர்களுக்குப் படம் ஞாபகம் வந்தது.

நான் சவேரியம்மாள், போர்டில் ஆறு வருஷமாக ஆபரேட்டர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். நாளெல்லாம் “நம்பர் ப்ளீஸ்” என்று தேனாகப் பேசுகிறவளுக்கு மிச்ச நேரத்தில் கொஞ்சமாவது காரம் வேண்டாமா?

மெக்கானிக்குக் காரம் ஆகாது. முப்பத்து நாலு வயசு, தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, தனி ஆள். உத்தரவு வந்த மறுநாளே பின்னறை வாசலில் ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டார். கட்டம் போட்ட காகிதம் வாங்கினார். பென்சில் ஆறு வாங்கி, ஆறையும் ஊசி முனையாகச் சீவி, வரிசையாக அடுக்கினார். பதினைந்து நாள் வரைந்தார். பிறகு காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். உள்ளங்கை வேர்வையில் கோடெல்லாம் கரைந்து காகிதமே சாம்பல் நிறமாகியிருந்தது.

“நம்ம ஊரு வெயிலுக்குப் பென்சில் தாங்காதுங்க,” என்றார்.

“வெயிலே இன்னும் வரலியே மெக்கானிக். இது தை மாசம்.”

“எனக்கு எப்பவுமே கை வேர்க்கும்ங்க.”

பிப்ரவரியில் இந்தியன் இங்க் என்கிற அழியாத மை வந்தது. கோடு இழுக்கிற பேனாவும் டிரேசிங் துணியும் மதுரைக்கு ஆள்விட்டு வாங்கினார். அந்தத் துணி கஞ்சி போட்டு மொடமொடவென்று, வேட்டி வியாபாரி பார்த்தால் விலை கேட்கிற மாதிரி இருந்தது. அதில் மையால் கோடு இழுத்தபோது மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். கால்வாசிப் படம் முடிந்த சமயத்தில் தோல் வியாபாரி பீர் முகமது கிடங்கை மாற்றினார். அவருடைய ஜம்பரை மாற்ற வேண்டியதாயிற்று. காய்ந்துபோன கோட்டை பிளேடால் சுரண்டினார் மெக்கானிக், துணியில் ஓட்டை விழுந்தது. மிச்சத்தைக் கஞ்சிக்கு ஆசைப்பட்ட கரப்பான்பூச்சிகள் பார்த்துக்கொண்டன.

“பாய் செத்த நேரம் பொறுத்து கிடங்க மாத்தியிருக்கக் கூடாதா?” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

“அவரு வியாபாரத்த நிறுத்தி வைக்கச் சொல்றேன். உங்க படம் முடியட்டும்.”

அவர் அதைக் கேலியென்று எடுத்துக்கொள்ளவில்லை. “அப்படிச் சொன்னா நல்லாருக்குமா?” என்று யோசிக்கத் தொடங்கினார்.

மார்ச்சில் அட்டை. ஒரு நம்பருக்கு ஓர் அட்டை என்று நூற்றிருபது அட்டைகளை வெட்டி, பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்தார். கம்பி மாறினால் அந்த ஓர் அட்டையை மட்டும் மாற்றிவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் எல்லா அட்டையையும் தரையில் பரப்பி வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சோலைமுத்து ஃபேனைப் போட்டார். நான் போர்டை விட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன். லைனில் இருந்தவர் அரசு வக்கீல். “என்னம்மா சிரிப்பு?” என்று அதட்டினார்.

ஏப்ரலில்தான் உச்சம். பூட்டுப் பட்டறையில் சொல்லி நூற்றிருபது பித்தளை வில்லைகளில் நம்பர் குத்தி வாங்கிவந்தார். ஐந்தடிப் பலகையில் ஆணி அடித்து, வில்லைகளைத் தொங்கவிட்டு, ஆணிக்கு ஆணி நூல் கட்டினார். வியாபாரிகளுக்குச் சிவப்பு, சர்க்காருக்கு நீலம், வீடுகளுக்குப் பூக்கட்டுகிற வெள்ளை நூல். கம்பி மாறினால் நூலை அவிழ்த்துக் கட்டினால் போதும். உண்மையிலேயே அழகாக இருந்தது. நானே எழுந்து போய்ப் பார்த்தேன்.

“இத எப்படி மதுரைக்கு அனுப்புவீங்க?”

அவர் பலகையைப் பார்த்தார்.

“தபால்லயா? ரயில்லயா? ரயில்னா லக்கேஜ் சார்ஜ் போடுவான். ஆபீஸ் பைல்ல சேக்கணும்னா பைல் கட்ட தச்சன் வரணும்.”

“அத நான் நெனைக்கலைங்க,” என்றார். வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி இல்லை. சாவகாசமாகச் சொன்னார்.

மே வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. மனுஷனுக்கு இன்ஸ்பெக்டர் பதவி வாசலில் வந்து நிற்கிறது, இவர் என்ன கருவியில் வரையலாம் என்று மாதத்துக்கு ஒரு கடை ஏறி இறங்குகிறார். அவருடைய நல்லதுக்குத்தான் கோபம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம், அழைப்பு குறைவாக இருந்த நேரம், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

“மெக்கானிக், அந்த இரும்புச் சட்டம் எந்திரிச்சு நடக்குமா?”

“நடக்காதுங்க.”

“அதுல இருக்குற நம்பர், வரிசை?”

“அது அப்படியேதான் இருக்கும்.”

“மாறுறது எது?”

“ஜம்பர் மட்டுந்தான்.”

“அப்ப மாறாதத மையில போடுங்க, மாறுறதப் பென்சில்ல போடுங்க. கைக்கு அடியில ஒரு காகிதத்த வச்சுக்கங்க, வேர்வை படாது. இம்புட்டுக்கு நாலு மாசமா?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “நல்ல யோசனைங்க,” என்றார் கடைசியில். துக்கச் செய்தி சொல்கிறவருடைய குரல் அது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் அவ்வளவு கெட்டிக்காரி.

பதினோரு நாளில் படம் முடிந்தது. தடித்த வெள்ளைத் தாளில் சட்டம் கறுப்பு மையில் நின்றது. ஒவ்வொரு வரிசைக்கும் எண், ஒவ்வொரு முனைக்கும் புள்ளி. நடுவில் நூற்றிருபது ஜம்பர்களும் பென்சிலில், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், முடியை வகிடெடுத்துச் சீவின மாதிரி போயின. மூன்று தடவை சரிபார்த்தார். ஒரு கோடும் தப்பில்லை.

“பதினோரு நாள் வேலை. நாலு மாசமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“பாத்துக்கிட்டு இருந்தேங்க.”

“எத?”

“போன்ல மணி கெட்டுப்போச்சுன்னு மண்டியில சொன்னாங்க. போய் பாத்துட்டு வாரேன்,” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சோலைமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். “அம்மாவுக்கு இன்னுமா வெளங்கல? அந்த அறையில ஜன்னல் கெழக்கால இருக்கு. படம் வரையிறவன் மேசைய வெளிச்சத்துல போடுவான். இவரு இருட்டுல, கதவுகிட்ட போட்டாரு. அங்கன உக்காந்தா என்ன தெரியும்?”

நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்தால் என் நாற்காலி தெரியும், வேறொன்றும் தெரியாது.

அன்று இரண்டு பேருக்குத் தப்பாக இணைப்புக் கொடுக்கப் பார்த்து, கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டேன். பென்சில், மை, கரப்பான்பூச்சி, பித்தளை வில்லை என்று நாலு மாசமாக அவர் தள்ளிப்போட்டதை, என் புத்திசாலித்தனத்தைக் காட்டப்போய் நானே முடித்து வைத்திருக்கிறேன். அவர் போய்விட்டால் இந்த அறையில் நான் யாரைக் கேலி செய்வேன்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருந்தது. அவர் போவதை நினைத்து எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை? பதில் தெரிந்தபோது என் மேலேயே எரிச்சல் வந்தது. இருபத்தேழு வயசுக்காரிக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு பியூன் வேண்டியிருக்கிறது.

அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஊரையே பேச வைக்கிற எனக்கு அந்த ஒரு பேச்சு மட்டும் வரவில்லை. பதவி உயர்வோடு போகிற மனுஷனைப் போகாதே என்று சொல்ல நான் யார்?

ஜூன் முதல் வாரம் மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். நல்லவர்தான், கொஞ்சம் அவசரக்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிரியாணிக் கடையில் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தார். படத்தைப் பார்த்ததும், “அச்சடிச்ச மாதிரி இருக்கேய்யா!” என்றார். ஆரோக்கியதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

சோதனை எளிமையானது. அதிகாரி படத்தில் ஏதாவது ஒரு நம்பரைத் தொடுவார். அந்த நம்பருக்குப் படம் காட்டுகிற முனையில், பின்னறையில், டெஸ்ட் போனை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுவார். உடனே என் போர்டில் அந்த நம்பருக்குரிய சின்னப் பித்தளை மூடி கீழே விழும். ஷட்டர் என்போம். எது விழுந்தது என்று நான் குரல் கொடுக்க வேண்டும். படமும் என் குரலும் ஒத்துப்போனால் படம் சரி. பின்னறையிலிருந்து பார்த்தால் என் முதுகுதான் தெரியும், ஷட்டர் தெரியாது.

“பதினெட்டு, சார்.”

“சரி.”

“நூற்றி ரெண்டு, சார்.”

“சரி.”

“அஞ்சு, சார். எழுபத்தி ஏழு, சார்.”

“சரி, சரி. இன்னும் ஒண்ணு பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருவோம்.”

அறுபத்து மூன்று விழுந்தது. வெங்காய மண்டி.

நான் அந்த மூடியைப் பார்த்தேன். கையெழுத்து விழுந்துவிட்டால் அவர் திங்கட்கிழமை ரயில் ஏறுவார். வாயைத் திறந்தேன்.

“அறுபத்து நாலு, சார்.”

“எத்தன?” என்றார் அதிகாரி.

“அறுபத்து நாலு, சார்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் ஓர் ஆளை ஊரில் நிறுத்தப் பார்த்து அவருடைய வேலையையே கெடுத்திருக்கிறேன். ஒன்பது வருஷமாக ஒரு கம்பியைத் தப்பாக முடியாத மனுஷனை, எல்லார் முன்னாலும், தப்புச் செய்தவராக நிறுத்திவிட்டேன். எந்த உரிமையில்? வெட்கம் காதுவரை ஏறியது. எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடலாமென்று நினைத்தேன், ஆனால் எழவில்லை.

“ஆரோக்கியதாஸ், போய்ப் பாத்துட்டு வாங்க. அந்தம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலியோ என்னமோ.”

செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. ஷட்டரைத் தூக்கிவிட்டிருக்கலாம். அந்தப் புத்திகூட எனக்கு வரவில்லை. அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அறுபத்து மூன்று அப்பட்டமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அறுபத்து நாலு அசையாமல் மூடியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. என்ன கோபமிருந்தாலும் இப்போதே கொட்டிவிடட்டும் என்று இருந்தேன்.

கையை நீட்டி அந்த மூடியை விரலால் மெதுவாக மேலே தள்ளி மூடினார்.

“அறுபத்து நாலுதான், சார்,” என்று பின்னறையைப் பார்த்துச் சொன்னார். “நான்தான் தப்பாப் போட்டுட்டேன்.”

அதிகாரி வெளியே வந்து சிவப்புப் பென்சிலால் படத்தில் அறுபத்து மூன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒன்று தப்பென்றால் மற்றதை எப்படி நம்புவது, நூற்றிருபதையும் முதலிலிருந்து சரிபார்த்து வருஷக் கடைசியில் அனுப்பு என்றார். தூத்துக்குடி அதுவரை காத்திருக்காது, அங்கே வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றும் சொன்னார். ஆரோக்கியதாஸ் “சரிங்க சார்” என்றார். அதிகாரி பிரியாணி ஆறிவிடும் என்று கிளம்பினார். சோலைமுத்து குடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.

அவ்வளவு சுத்தமான தாளில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. போர்டில் மூன்று ஷட்டர்கள் விழுந்து கிடந்தன, யாருக்கும் பதில் சொல்லவில்லை.

“உங்க பதவியக் கெடுத்துட்டேன், மெக்கானிக்.”

அவர் படத்தைச் சுருட்டி நூல் கட்டினார். நிதானமாக, இரண்டு முடிச்சுப் போட்டார்.

“அழாதீங்க,” என்றார். “தூத்துக்குடியில எனக்கு யாரத் தெரியும்?”