காளவாசல் சிக்னலில் நூற்றி இருபத்தாறு

ஆன்மேரி டீச்சருக்கு எதையும் அளந்து பார்க்காமல் நம்பிக்கை வராது. பழங்காநத்தத்தில் ஒரு மிஷன் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தொரு வருஷமாக இயற்பியல் நடத்துகிறவர். வீட்டுக்கு வந்த பாலில் கருவியை முக்கிப் பார்த்து, பால்காரரை அந்தத் தெருப் பக்கமே வரவிடாமல் செய்தவர். அப்படிப்பட்டவரிடம் போய், "பிரஷர் நூத்தி அறுபத்திநாலு இருக்கு, டென்ஷனைக் குறைங்க" என்று சொன்னால் சும்மா விடுவாரா?

"எந்த டென்ஷனைக் குறைக்கணும் டாக்டர்?"

டாக்டர் தமிழ்வாணி பேனாவை மூடி வைத்தார். "அது எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? உங்களுக்குத்தான் தெரியணும்."

"தெரியலையே. அதனாலதான் கேக்குறேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பிரஷர் மிஷின் வாங்கிக்கொள்ளச் சொன்னார். இரண்டு வாரம் தினமும் அளந்து, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். "அப்பவும் எறங்கலைன்னா மாத்திரை ஆரம்பிச்சிருவோம். மாத்திரை போடுறது ஒண்ணும் குத்தமில்ல. ஆனா எதனால ஏறுதுன்னும் தெரிஞ்சுக்கிறது நல்லதுதானே."

இந்தப் பேச்சு ஆன்மேரிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நோய் வந்த வருத்தம் ஒரு பக்கம் இருந்தாலும், கண்டுபிடிக்க ஒரு விஷயம் கிடைத்த சந்தோஷம் இன்னொரு பக்கம். வரும் வழியிலேயே மிஷினும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கினார்.

அவர் கணவர் டோனிக்கு நோட்டும் வேண்டாம், இரண்டு வாரமும் வேண்டாம். கேட்ட மறு நிமிஷமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பஸ்ஸுதான், வேற என்ன? விளாங்குடியில இருந்து பழங்காநத்தத்துக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த நெரிசல்ல யாருக்குத்தான் ஏறாது?"

டோனி பள்ளி நிர்வாக அலுவலகத்தில் கிளார்க். அதே நிர்வாகத்துக்கு விளாங்குடியிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அங்கே இயற்பியல் ஆசிரியர் ஓய்வு பெறப் போகிறார். மறுநாளே டோனி இடமாறுதல் விண்ணப்பத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும், விட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

ஆன்மேரி விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார். பழங்காநத்தம் லேப்பில் ஒவ்வொரு கம்பியும் அவர் கையால் இழுத்தது. அதை விட்டுப் போவதென்றால் ஒரு நல்ல காரணம் வேண்டும்.

"பஸ்ஸுதான் காரணம்னா கையெழுத்துப் போடுறேங்க. அளந்து பாக்காமப் போட மாட்டேன்."

"நீ ஒருத்தி" என்று டோனி விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்புக்குக் கீழே வைத்தார்.

மிஷினோடு வந்த குறிப்புப் புத்தகத்தை ஆன்மேரி இரண்டு தடவை படித்தார். ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. காபி குடித்து அரை மணி நேரத்துக்கு அளக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்ததும் அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. காபி குடிக்கிறவர்களுக்கல்லவா அது!

பஸ்ஸில் அளப்பது லேசான காரியமில்லை. வண்டி குலுங்கினால் மிஷின் பிழை காட்டுகிறது. அதனால் காளவாசல் சிக்னலைத் தேர்ந்தெடுத்தார். மேலே பாலம் கட்டி வருஷமாயிற்று. கீழே போகிற டவுன் பஸ்ஸுக்கு மட்டும் இன்னும் விடிவுகாலம் வரவில்லை. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்துக்கு ஆன்மேரி கைப்பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினார்.

பக்கத்து சீட்டில் தங்கப்பொண்ணு. பைபாஸ் ரோட்டு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள், நாலு வருஷமாக இதே பஸ். "என்னத்த டீச்சர் கையில கட்டியிருக்கீக?" என்று கேட்டாள்.

பேசக் கூடாதென்று ஆன்மேரி வாயில் விரலை வைத்தார். பட்டை உப்பியது, இளகியது. 126, 80.

ஆன்மேரி நம்பவில்லை. பின்னால் ஒருத்தன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான், முன்னால் நிற்கிற லாரி புகையைக் கக்குகிறது, கண்டக்டர் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். இதில் நூற்றி இருபத்தாறா? மறுநாளும் அளந்தார், 124. அதற்கு மறுநாள் மழையும் சேர்ந்து கூட்டம் கழுத்தை நெரித்தது. அன்றைக்கு 128.

"ஏந் தங்கப்பொண்ணு, இந்த நெரிசல்ல உனக்கு எரிச்சலா வரலையா?"

"எரிச்சலா? இதவிட்டா எனக்கு ஏது டீச்சர் உக்கார நேரம்? கடையில நாள் பூராம் நிண்டுக்கிட்டே கெடக்கேன். வீட்டுக்குப் போனா அம்மா அது எங்க, இது எங்கன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சிருவாக. இந்த சிக்னல்ல நிக்கிற நேரந்தேன் யாரும் என்னைய ஒண்ணும் கேக்க முடியாது." அவள் கையை நீட்டினாள். "எனக்கும் ஒருவாட்டிக் கட்டிவிடுங்க, எம்புட்டு இருக்குன்னு பாப்போம்."

அவளுக்கு 118. ஊருக்கே சொல்லப்போகிறவள் மாதிரி சந்தோஷப்பட்டாள்.

சரி, பஸ் இல்லை. அப்படியானால் பள்ளிக்கூடமா? லேப்பில் அளந்தார், 130. பன்னிரண்டாம் வகுப்பு மாடல் தேர்வுத் தாள் திருத்தும்போது 138. தலைமையாசிரியை கூட்டம் போட்ட அன்றைக்குக்கூட நூற்றி நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு வாரம் முடிந்தது. நோட்டில் கோடு இழுத்துப் பார்த்தார். காலையில் வீட்டில் உயரமாகத் தொடங்குகிற கோடு, பஸ்ஸில் இறங்கி, பள்ளியில் சற்று ஏறி, திரும்பும் பஸ்ஸில் மறுபடி இறங்கி, வீட்டு வாசலில் செங்குத்தாக ஏறியது.

வீடா? ஆன்மேரிக்குக் கோபமே வந்துவிட்டது. அந்த வீட்டில் என்ன குறை? சண்டை உண்டா, சத்தம் உண்டா? இரண்டு வருஷமாக அந்த வீட்டில் டிவிகூட ஓடியதில்லை.

அந்த இரண்டு வருஷக் கதையைச் சொல்லியாக வேண்டும். மகன் ஆலன் முதல் தடவை நீட் எழுதி மதிப்பெண் போதாமல் போனபோது, குடும்பமே வேளாங்கண்ணிக்குப் போய் மாதா முன்னால் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டது. ஆலனுக்கு மருத்துவ சீட்டு கிடைக்கும் வரை ஆளுக்கு ஒன்றை விடுவது. ஆன்மேரி காபியை விட்டார். ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடித்த மனுஷி. டோனி ஆட்டுக்கறியையும், ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயில் மண்டபத்தில் ஆடும் கேரத்தையும் விட்டார். பள்ளியில் படிக்கிற மகள் ரூத் கிட்டாரை உறையில் போட்டு மூடினாள். டிவி இணைப்பைத் துண்டித்தார்கள். ஆலனிடம் மட்டும், "நீ ஒண்ணும் விட வேணாம்ப்பா. படிச்சாப் போதும்" என்றார்கள். இரண்டாவது தடவையும் போதவில்லை. இப்போது மூன்றாவது, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

இரண்டாவது வாரம் ஆன்மேரி வீட்டுக்குள்ளேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார். மொட்டை மாடியில் 136. அடுப்படியில் தனியாக நிற்கையில் 144. எல்லாவற்றிலும் உயரமாக வந்த இடம் சாப்பாட்டு மேசை. நாலு பேரும் ஒன்றாக உட்காரும்போது எந்த நாளிலும் நூற்றி அறுபதுக்குக் குறையவில்லை. டோனிக்குக் கட்டிப் பார்த்தார், நூற்றி ஐம்பது. அவர், "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று பட்டையைக் கழற்றி எறிந்தார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் திங்கள், விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பூசை முடிந்து வந்து மதியச் சாப்பாடு. வழக்கம்போல் சாம்பார், முட்டைக்கோஸ். வழக்கம்போல் டோனி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாக் டெஸ்ட்டுல எம்புட்டு?"

"ஐநூத்தி நாலுப்பா."

"போன வாரம்?"

"ஐநூத்தி பதினொண்ணு."

அவ்வளவுதான் பேச்சு. ஆன்மேரி தன் கைப்பட்டையைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. ஊரையே அளந்தவருக்கு, இவனுக்கு ஒரு தடவை கட்டிப் பார்ப்போம் என்று இந்தப் பதினாலு நாளும் தோன்றவேயில்லை. பத்தொன்பது வயசுப் பையனுக்கு என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

"ஆலன், கையக் கழுவிட்டு வா. சும்மா பாப்போம்."

ஐந்து நிமிஷம் உட்கார வைத்து அளந்தார். 152, 98. நாடித்துடிப்பு நூற்றிப் பதினெட்டு. மிஷின் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பட்டையை இறுக்கிக் கட்டி மறுபடி அளந்தார், 150. மூன்றாவது தடவை 154. பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அவர் சொல்லிக்கொடுப்பது இதுதான்: ஒரு அளவு தப்பாக இருக்கலாம், மூன்றும் ஒன்றுபோல் வந்தால் நம்பித்தான் ஆக வேண்டும்.

"என்னடா பண்ணுது உனக்கு?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"எங்கிட்டச் சொல்லு."

ஆலன் கைப்பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். "காலைல நான் எந்திரிச்சு வரும்போது நீங்க அடுப்படில வெந்நியக் குடிச்சுட்டு நிப்பீங்கம்மா. அதப் பாத்த உடனே இங்க அடிக்க ஆரம்பிச்சிரும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "புத்தகத்தத் திறந்தா எதுக்க ரூத்தோட கிட்டார் தொங்குது. ஞாயித்துக்கிழமை ஆனா அப்பா சாம்பாரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒரு கேள்வியத் தப்பாப் போட்டா உங்க மூணு பேருக்கும் இன்னொரு வருஷம்னுதான் தோணுது. கேள்வியே கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதும்மா. எனக்காக எதையும் விடாதீங்க. நீங்க காபி குடிங்க."

டோனி தட்டைத் தள்ளி வைத்தார். "மாதாகிட்டக் குடுத்த வார்த்தைடா அது."

"அவங்களும் ஒரு பையனப் பெத்தவங்கதான்" என்றார் ஆன்மேரி. அழுதே விட்டார். "நான் போய் அவங்ககிட்டச் சொல்லிக்கிறேன். நாளைக்கு சாயங்காலம் தமிழ்வாணி டாக்டர்கிட்ட நானும் நீயும் போறோம் ஆலன். இப்ப எனக்குக் காபி வேணும்."

ஆனால் வீட்டில் காபித்தூள் ஏது? இரண்டு வருஷமாக வாங்கியதே இல்லை. டோனி எழுந்து சட்டையை மாட்டினார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று ஆன்மேரி பயந்துதான் போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்த மனுஷன் கையில் அரைக் கிலோ காபித்தூள் இருந்தது.

"அம்புட்டு எதுக்குங்க?"

"இனிமே நாலு பேரும் குடிக்கணும்ல" என்றார் டோனி. மகன் முகத்தைப் பார்க்காமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டி அவன் தலையில் வைத்தார்.

காபி வந்தது. முதல் வாய் உள்ளே போனதும் ஆன்மேரி கண்ணை மூடிக்கொண்டார். ஆலன் மிஷினைத் தன் பக்கம் இழுத்தான். "இப்ப அளந்து பாக்கலாமாம்மா?"

"கூடாது. காபி குடிச்சு அரை மணி நேரம் ஆகணும். புத்தகத்துல போட்டிருக்கு."

அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே. ரூத் கிட்டார் உறையைத் திறந்தாள். கம்பிகள் தளர்ந்து ஆளுக்கொரு சுருதியில் கிடந்தன. அவள் முறுக்க முறுக்க, அது கத்திய கத்தலில் டோனியே சிரித்துவிட்டார். ஆலன் ஆறிப்போன சாம்பார் சோற்றை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

விண்ணப்பத்தின் மேல் யாரோ டம்ளரை வைத்திருந்தார்கள். பெயர் எழுதும் இடத்தில் வட்டமாகக் காபிக் கறை. அரை மணி நேரம் கழிந்து இன்னொரு அரை மணியும் ஆயிற்று. மிஷினை எடுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.